நான்காம் ஜன்னல்

கிளினிக் நாளில் விடிவதற்கு முன்னமே
மான்கள் வந்துவிடும்.
திருகோணமலையில் மானுக்கு இலக்கத்துண்டு வேண்டாம்.
பஸ் நிலையத்துக் குப்பையில் பழத்தோல் தின்று
ஆஸ்பத்திரி மதிலோரம் படுத்து அசைபோடும்.
மனுசருக்குத்தான் வரிசை.

குச்சவெளியிலிருந்து முதல் பஸ்.
கிண்ணியாப் பாலம் தாண்டி வருகிற ஓட்டோ.
கந்தளாயிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர்,
நடுவில் இருப்பவருக்குத்தான் வருத்தம்.
எல்லாக் கையிலும் ஒரே கொப்பி,
பால்மாப் பையால் உறை போட்டது.

நான் மருந்து கொடுக்கிறவள்.
கம்பிக்குப் பின்னால் பதினொரு வருசம்.
முகங்களை விடக் கைகள்தான் எனக்குப் பழக்கம்.
கயிறு அறுத்த உள்ளங்கை,
ஊசி குத்திக் குத்திக் கறுத்த விரல்நுனி,
குளிசையை எண்ணிப் பார்த்துவிட்டு
மறுபடியும் எண்ணுகிற கை.

போன மாசியில் ஒரு முத்திரை வந்தது.
மரப்பிடி, நீல மை.
மூன்று மொழியிலும் ஒரே சேதி:
இருப்பில் இல்லை, வெளியே வாங்கவும்.
மூன்று மொழியும் இவ்வளவு ஒற்றுமையாய்
ஒரு வட்டத்துக்குள் நின்றதை
நான் வேறெங்கும் கண்டதில்லை.

வெளியே என்பது
றோட்டுக்கு அந்தப் பக்கம்.
கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்.
முப்பது அடி கூட இராது.
அந்த முப்பது அடியைக் கடக்க முடியாமல்
சாம்பல்தீவு அருள்மலர்
கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
மதிலோரம் மான்களோடு இருந்திருக்கிறாள்,
பிறகு பஸ் ஏறியிருக்கிறாள்.
எனக்குத் தெரியாது.
குத்தியதும் அடுத்த கொப்பியை இழுப்பவள் நான்.

ஐந்தாம் மாதம் வார்ட்டிலிருந்து அவளுடைய கொப்பி
தனியாக இறங்கி வந்தது.
இடது கால், முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று.
புரட்டினேன். நான்கு நீல வட்டம்.
நான்கும் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தன.
என் கை அப்படித்தான் சாயும்.

“இலவசமாத் தாறதுக்கு இவ்வளவு கேள்வியா?”
என்பார் ஸ்டோர்ஸில் இருக்கிற கனகசூரியர்.
இலவசம்.
அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
கொடுக்கிறவன் கை மேலே, வாங்குகிறவள் கை கீழே.
மேலே இருக்கிற கை எப்போதும் மூடிக்கொள்ளலாம்,
யாரும் களவென்று சொல்ல மாட்டார்கள்.
இந்த ஊரில் மானை அடித்தால் வழக்கு உண்டு.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை,
முத்திரையைத் தூக்கிவிட்டேன்,
கிண்ணியா முசம்மில் கம்பிக்குள் விரலை விட்டு
கொப்பியை மூடிப் பிடித்தார்.
“தங்கச்சி, இதக் குத்தாதீங்க.
இல்லையெண்டு மட்டும் எழுதுங்க.
வெளிய வாங்கு எண்டு நீங்க எழுதினா
கடன்காரன் நானாப் போறன்.
இல்லையெண்டு எழுதினா
தரவேண்டியவங்க இன்னும் தரல்ல எண்டு இருக்கும்.”

பின்னால் யாரோ கத்தினார்கள்,
பஸ் போகப் போகுதாம்.
மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.
நான் பேனாவை எடுத்தேன்.
‘தரவேண்டியது. தரப்படவில்லை.’
திகதி போட்டேன், பெயரையும்.

அடுத்த கிளினிக்கில் சோமலதா நோனா
சிங்களத்தில் அதையே கேட்டாள்.
எழுத்துக்கூட்டி எழுதிக் கொடுத்தேன்,
பிழை திருத்தி வாங்கிக்கொண்டாள்.
பிறகு எல்லாரும்.
வரிசை வாசல்வரை நீண்டது, ஏச்சும் விழுந்தது.
விளக்கம் கேட்டு எனக்கொரு கடிதம் வந்திருக்கிறது.
பதில் இன்னும் எழுதவில்லை.

பெருமைப்பட ஒன்றுமில்லை.
என் எழுத்தால் ஒருவருடைய சீனியும் இறங்கவில்லை.
அருள்மலர் ஊன்றுகோலுக்குப் பெயர் பதிந்திருக்கிறாள்,
அதுவும் இருப்பில் இல்லை.
அவளுடைய கொப்பியில் அதை எழுதும்போது
பாதியில் மை முடிந்தது.
ஸ்டோர்ஸில் பேனா கேட்டேன்.
கனகசூரியர் சிரிக்காமல் கையை விரித்தார்.

றோட்டைக் கடந்து
வெளியே வாங்கினேன்.